மீற்றர் பார்த்தவன் மரக்கறி வாங்கப் போன கதை

27 வருடம் திருகோணமலைப் பட்டினத்துக்குள்ளே வீடு வீடாகப் போய் மின் மீற்றர் வாசித்தவன் நான். உவர்மலையில் ஏறி, உள்துறைமுக வீதியால் இறங்கி, அடுத்த நாள் உப்புவெளிப் பக்கம், அதற்கடுத்த நாள் இன்னொரு பக்கம் என்று நடை. இரண்டு தரம் நாய் கடித்திருக்கிறது. 60 வயதில் ஓய்வு பெற்றேன். நடை நின்றது. சாப்பாடு நிற்கவில்லை.

இரண்டாவது வருடம் காலில் ஒரு விறைப்பு வந்தது. இரத்தம் சோதித்தால் வெறுவயிற்றில் சீனி 168. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8.1. அது 6.5 ஆனாலே சலரோகம் என்று கணக்கு. டொக்டர் மெற்போமின் குளிசை எழுதித் தந்துவிட்டு, “சோற்றைக் குறையுங்கோ, மரக்கறியைக் கூட்டுங்கோ” என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். விளக்கம் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

சொன்னதை அப்படியே செய்தேன். இரவில் சோறும் இல்லை, புட்டும் இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும்தான். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி, மிச்ச இடத்தை உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், கிடைக்கிற நாளில் ஈரப்பலாக்காய்ப் பால்கறி என்று நிரப்பினேன். எல்லாம் மரக்கறி. தெருவில் கண்ட ஆட்களிடமெல்லாம் “நான் இப்ப சோத்தை விட்டிட்டன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.6.

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார். சொன்னபடிதான் சாப்பிட்டேன் என்று நான் கோணேசர்மேல் ஆணையிட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் குளிசையைக் கூட்டி எழுதிவிட்டு, பக்கத்து மேசைக்கு அனுப்பினார். அங்கே இருந்த தாதி மிஸ்ஸி, என் மகள் வயதுதான் இருக்கும், “நேற்று விடியத்தொடக்கம் இரவுவரைக்கும் என்ன சாப்பிட்டீங்கள் ஐயா, ஒன்றும் விடாமல் சொல்லுங்கோ” என்று கேட்டு எழுதத் தொடங்கினாள். மரவள்ளி வந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது.

“ஐயா, நீங்கள் சோத்தைக் குறைக்கேல்லை. பேரை மாத்தியிருக்கிறீங்கள்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது. என் தொழில் எண்களோடு. இலக்கம் தப்பாக வந்தால் மீற்றர் பிழையா, வாசித்தவன் பிழையா என்று பார்ப்பேன். இங்கே வாசித்தவன்தான் பிழை.

அன்றிரவே மகனிடம் சொல்லி ஒவ்வொரு மரக்கறிக்கும் 100 கிராமில் எவ்வளவு காபோவைதரேற்று, அதாவது சீனியை ஏற்றுகிற மாச்சத்து, என்று தேடி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். வெந்த சோற்றில் 28 கிராம் அளவில் இருக்கிறது. மரவள்ளியில் 38. நான் எதை விட்டு எதற்குப் போனேன் என்று பாருங்கள்! வாழைக்காய் 30ஐத் தாண்டுகிறது, ஈரப்பலா 27, வற்றாளங்கிழங்கு 20, உருளைக்கிழங்கு 17. சோற்றைத் தவிர மற்றதெல்லாம் பச்சையாக நிறுத்த கணக்கு. அவித்தால் நீரின் அளவைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆனாலும் கதை மாறாது. கோப்பையில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் சோற்றுக்குத் தம்பிமார். மறுபக்கத்துக் கணக்கு அதே கொப்பியில்: பாகற்காய், கெக்கரிக்காய், தக்காளி எல்லாம் 4 கிராமுக்குள். கத்தரிக்காயும் கோவாவும் 6. வெண்டிக்காய், போஞ்சி 7 அளவில். பயற்றங்காய் 8. கங்குன் கீரை 3.

இதில் எனக்கு அதிசயமாக இருந்தது பூசணிக்காய். இனிக்கிறதே என்று பயந்து அதைத் தொடாமல் இருந்தேன். அதில் 6 அல்லது 7 கிராம்தான். மரவள்ளியோ நாக்குக்கு இனிப்பே இல்லை. ஆனால் அதில் இருக்கும் மாப்பொருள் வயிற்றுக்குள் போய் உடைந்தால் முழுக்க குளுக்கோசுதான். நாக்கு வைத்திருக்கிற மீற்றர் பழுது. கரட்டுக்கும் இதே அநியாயம். அதில் ஏறக்குறைய 10 கிராம், அதிலும் 3 கிராமுக்குக் கிட்ட சீனியாகாத நார்ச்சத்து. நாலு துண்டு கரட் தின்று சீனி ஏறியவனை நான் காணவில்லை. பீற்றூட்டும் அதே அளவுதான். லீக்ஸ்தான் எதிர்பாராத ஆள். கீரை மாதிரி நினைத்திருந்தேன், பார்த்தால் 14. ஆனாலும் லீக்ஸை யார் ஒரு கிலோ தின்கிறார்கள், விடுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் பதினைந்து வருடமாகச் சீனி. “மண்ணுக்குக் கீழே விளையிறதை விடு, மேலே விளையிறதைத் தின்” என்று அவர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். நல்ல சூத்திரம்தான், ஆனால் ஓட்டை. முள்ளங்கி மண்ணுக்குக் கீழே, அதில் 4 கிராம்கூட இல்லை. ஈரப்பலா ஆகாயத்தில் தொங்குகிறது. நான் யோசித்துக் கண்டுபிடித்த வழி வேறு. செடி தன் பிள்ளைக்கென்று சேர்த்துவைக்கிற இடத்தில் பெரும்பாலும் மாப்பொருள். கிழங்கு அடுத்த முளைக்கான சேமிப்பு, விதையும் அப்படித்தான். இலை, தண்டு, பூ, பிஞ்சு இவற்றில் செடி இன்னும் ஒன்றும் சேர்க்கவில்லை. தண்ணீரும் நாரும்தான். பயற்றங்காயைப் பிஞ்சாக வாங்கினால் மரக்கறி. விதை தடித்து முற்றவிட்டால் அது கௌபியின் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும், இரண்டும் ஒரே இனம்தானே. பிலாவிலும் பிஞ்சுக்காய் வேறு, கொட்டை வேறு. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். “நீ மீற்றர் பார்த்த ஆள், உனக்கென்ன தெரியும்” என்றார். பிறகு இரண்டு நாள் கழித்து அதையே தன் சூத்திரம் மாதிரி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, சந்தைக்கு வருவோம்.

கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருடத்தில் சந்தைக்கு மரக்கறி வாங்க நான் போனது விரல்விட்டு எண்ணக்கூடிய தரம். இப்போது கிழமைக்கு மூன்று நாள் நான்தான் போகிறேன், சைக்கிளில் அல்ல, நடந்து. விடிய ஆறரைக்குப் போனால் தம்புள்ளையிலிருந்து ஹபரணை வழியாக வந்த மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாம் அந்த வழிதான், மலைநாட்டுச் சரக்கு. எங்கள் பக்கத்துச் சரக்கு சாக்கு விரித்துத் தரையில் இருக்கும். கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல், புடோல், கீரைக்கட்டு. முதல் மூன்று கிழமையும் நான் கடைக்காரர் எடுத்துப் போட்டதை வாங்கி வந்தேன். மனைவி பையைக் கவிழ்த்துவிட்டு, “இஞ்சேருங்கோ, இது ஆருக்கு, எங்களுக்கோ மானுக்கோ?” என்றாள். திருகோணமலை ஆட்களுக்கு இது விளங்கும். பட்டினத்து மான்கள் கோட்டைப் பக்கமிருந்து பஸ் நிலையம், சந்தையடி வரைக்கும் வந்து, கழித்துப் போட்ட கோவா இலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டு நிற்கும்.

அதற்குப் பிறகு சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு ஆச்சியிடம் பாடம் படித்தேன். முதல் நாள் வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். பார்த்ததும் கையைப் பிடித்துவிட்டா. “தம்பி, ஒடிச்சதெல்லாம் உனக்குத்தான், சொல்லிப்போட்டன்.” ஒடிக்காமலே பார்க்கிற வழியையும் அவவே சொல்லித் தந்தா. நுனியைப் பெருவிரலால் மெல்ல வளைத்தால், வளைந்து கொடுப்பது முற்றல், விறைப்பாக நின்று முறியப் பார்ப்பது பிஞ்சு. கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் உருவத்துக்கு ஏற்ற பாரம் இருக்கவேண்டும், காம்பு பச்சையாக இருக்கவேண்டும். பயற்றங்காயை விரலுக்கிடையில் இழுத்தால் விதை தட்டுப்படக்கூடாது. பாகற்காயைப் பொறுத்தவரை அவவுக்கு ஒரே கொள்கை: “கசப்பு வேண்டாமெண்டா கத்தரிக்காய் வாங்கு.” கீரையில் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை மூன்றும் எனக்கென்று ஒரு கட்டு எடுத்துவைப்பா. மாரி தொடங்கி கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் ஊற்றினால் தரைச் சரக்கு அழுகி, விலை கையைக் கடிக்கும். அந்த நேரம் வீட்டு வேலியில் நிற்கிற முருங்கையிலைதான் கைகொடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு சீனி இறங்கியது. ஆனால் நிறை இறங்கவில்லை. 81 கிலோ, அசையவே இல்லை. இதுதான் எனக்குப் பெரிய புதிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள் போய் நின்றேன். பொரித்த கத்தரிக்காய்க் குழம்புக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்குள் இருந்த மீற்றர்காரன் விழித்துக்கொண்டான். முந்திய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, கழித்தால் செலவு. மருந்துக்குப் பாவிக்கிற அளவுக் கோப்பையால் 200 மில்லி எண்ணெய் அளந்து தாச்சியில் ஊற்றச் சொன்னேன். 250 கிராம் கத்தரிக்காய் நிறுத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனாலும் செய்தாள். நீட்டு நீட்டாக வெட்டிய துண்டுகளைப் போட்டதும் தாச்சி சீறியது. இரண்டு நிமிடத்தில் எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரியவே கீழே போனது. துண்டுகள் ஊதி, பழுப்பாகி, பளபளவென்று வந்தன. எல்லாம் எடுத்து எண்ணெய் ஆறியதும் திருப்பி அளந்தேன்: 135. தாளில் ஒட்டியதற்கு ஐந்து கழித்தாலும் 60 மில்லி உள்ளே போயிருக்கிறது. 60 மில்லி என்றால் 55 கிராம் அளவு எண்ணெய். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, அப்போ 495. கத்தரிக்காய்க்கென்று சொந்தமாக இருந்தது 62 கலோரிதான். அது 560க்குக் கிட்டப் போய் இறங்கியிருக்கிறது. 400 கிராம் சோற்றில்கூட அவ்வளவு கலோரி இல்லை.

கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே நிறையக் காற்று. சூட்டில் காற்றும் நீரும் வெளியேற, அந்த இடமெல்லாம் எண்ணெய் போய்க் குந்திவிடும். உப்புப் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பிழிந்துவிட்டுப் பொரித்தால் குறைவாகக் குடிக்கும், பஞ்சு முதலே அமர்ந்துவிடுவதால். நாங்கள் இப்போது அதைக்கூடச் செய்வதில்லை. நெருப்பில் சுட்டுத் தோலை உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசைந்த சம்பல்தான். பொரித்த குழம்பு மாதத்தில் ஒரு நாள், அதுவும் விருந்தாளி வந்தால். (விருந்தாளி அடிக்கடி வரட்டும் என்று இப்போதெல்லாம் மனசு நினைக்கிறது.)

அப்போதுதான் விளங்கியது, உடம்பில் இரண்டு மீற்றர் ஓடுகிறது. ஒன்று சீனி மீற்றர், மற்றது கலோரி மீற்றர். பொரித்த கத்தரிக்காய் சீனி மீற்றரைப் பெரிதாக அசைக்காது, மற்றதைச் சுழல விட்டுவிடும். தேங்காயும் அந்தக் கூட்டம்தான். அதில் காபோவைதரேற்று 15 கிராம், அதிலும் பாதிக்கு மேல் நார். ஆனால் 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி. பயற்றங்காய் வறைக்கு மனைவி போடுகிற தேங்காய்ப்பூவை நிறுத்தேன், 80 கிராம். அதாவது 280 கலோரி. 250 கிராம் பயற்றங்காயில் இருந்தது 118. நான் பயற்றங்காய் தின்கிறேன் என்று நினைத்துத் தேங்காய் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

தேங்காயில்லாத வறையை வறை என்று சொல்ல எங்கள் வீட்டில் சட்டமில்லை. அதனால் பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு மேசைக்கரண்டிக்கு இறங்கிவந்தாள். கடைசியில் இறக்கும்போது தூவினால் வாசம் முன்னுக்கு நிற்கிறது, குறைந்தது தெரியவில்லை. பால்கறிக்குக் கட்டிப்பாலை விட்டு இரண்டாம் பாலில் முடிக்கிறாள். சொதி மட்டும் பழையபடி. சொதியில் கை வைத்தால் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி நாள். பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வந்தால் சமையல் அமர்க்களம்: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்ப் பால்கறி, அப்பளம், சில நாள் பாயாசமும். கிழமையிலேயே சுத்தமான சாப்பாடு என்று நினைத்திருந்தேன். மகன் வாங்கித் தந்த குளுக்கோமீற்றரில் ஒரு வெள்ளியன்று சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் குத்திப் பார்த்தேன், 231. திங்கட்கிழமை சோறு, மீன் குழம்பு, பயற்றங்காய் வறை, வல்லாரைச் சம்பல் சாப்பிட்டபோது 164. சோறு இரண்டு நாளும் ஒரே கரண்டி, ஒரே அளவு. மிஸ்ஸி இரண்டு இலக்கத்தையும் பார்த்துவிட்டு, கோப்பையில் பாதி இலைவகை, பிஞ்சுக்காய் மரக்கறி, கால்வாசி சோறோ கிழங்கோ ஏதாவது ஒன்று, மிச்சக் கால்வாசி மீன், முட்டை, பருப்பு மாதிரி ஒன்று என்று கொப்பியில் ஒரு வட்டம் கீறித் தந்தாள். “ஏதாவது ஒன்று” என்பதன் கீழ் இரண்டு கோடு. வெள்ளி இப்போதும் மரக்கறிதான். வாழைக்காய் இருந்த இடத்தில் வாழைப்பூ வறை, உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் போஞ்சி. பாயாசம் அம்மனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்.

பாகற்காய்ச் சாறு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் விடிய வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் அதைக் குடித்துவிட்டு, குளிசையும் போட்டுவிட்டு, சாப்பிட நேரமில்லாமல் மூதூர் பஸ் ஏறியிருக்கிறார். பாதி வழியில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நடத்துநர் தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டிச் சீனித் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். பாகற்காயைக் கறியாகத் தின்னுங்கள், நல்ல மரக்கறி. சாறாக்கி மருந்தோடு போட்டிக்கு விடவேண்டாம். அப்புறம், சிறுநீரகத்தில் பழுது உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. பொட்டாசியம் என்று இன்னொரு மீற்றர் சேரும், கீரையைக்கூட அளந்துதான் தின்னவேண்டி வரும். குருதி உறையாமல் வாபரின் எடுக்கிறவர்களும் திடீரென்று கீரையைக் கூட்டமுதல் டொக்டரிடம் கேட்கவேண்டும். என் கொப்பி எனக்குத்தான் எழுதியது.

போன மாதம் பார்த்தபோது எச்பிஏ1சி 7.0. நிறை 76. முழுப் பேரும் மரக்கறிக்குக் கொடுக்கமாட்டேன். குளிசை இருக்கிறது, விடியற்காலையில் டச்சு வளைகுடாக் கடற்கரையில் முக்கால் மணித்தியாலம் நடக்கிறேன், அதுவும் இருக்கிறது. டொக்டர் இந்த முறை கண்ணாடிக்கு மேலால் பார்க்கவில்லை. மிஸ்ஸி வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாளாம். சொல்ல ஆசையாக இருந்தது.

இன்றைக்குப் பின்னேரம் தம்பலகாமத்திலிருந்து மச்சான் வந்தார், கையில் இரண்டு ஈரப்பலாக்காய். அவர் வீட்டு மரத்துக் காய், வெட்டினால் பால் வடிகிறது. வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா? மனைவி என்னைப் பார்த்தாள், நான் தராசைப் பார்த்தேன். கடைசியில் இரவுச் சாப்பாட்டில் சோற்றை முழுக்க விட்டுவிட்டு, 120 கிராம் ஈரப்பலா, இரண்டாம் பாலில் வைத்த கறியாக, பக்கத்தில் கோப்பை நிறையக் கங்குனும் ஒரு முட்டையும். மச்சான் சோற்றோடும் தின்றார், அவருக்குச் சீனி இல்லை, கொடுத்துவைத்தவர். கறி அந்த மாதிரி இருந்தது. இன்னும் இருபது நிமிடத்தில் இரண்டு மணித்தியாலம் ஆகிவிடும். ஊசியும் குளுக்கோமீற்றரும் மேசையில் தயார்.